மீற்றர் வாசிக்கிறவன்

ஆனைக்கோட்டையில் படலை படலையாய்த் தட்டி
மின்சார மீற்றர் வாசிப்பது என் தொழில்.
எந்த வீட்டில் எத்தனை அலகு எரிந்ததென்று தெரியும்,
ஒற்றைக் குமிழோடு மாதத்தை ஓட்டுகிறவர்களையும் தெரியும்.
வெளிச்சத்தைத் தெரியாது,
இந்த வைகாசி வரைக்கும்.

கமராவை விற்றவன் கலியாண வீடியோக்காரன்.
இருபது வருஷம் தோளில் சுமந்து முதுகு பிடித்துவிட்டதாம்.
லென்ஸின் ஓரத்தில் பூஞ்சணம்.
"முகத்துக்கு அது நல்லது, மெதுவாய்க் காட்டும்" என்று
ஐயாயிரம் கூட வாங்கினான்.

முதலில் வந்து இருந்தவர் குகதாசன்,
ஓட்டுமடத்தில் லொறி றேடியேற்றர் ஒட்டுகிறவர்.
கதிரையை யன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டேன்.
வலது கன்னத்தில் மத்தியானம்,
இடது கன்னத்தில் நடுச்சாமம்.
படத்தைப் பார்த்துவிட்டு
"மற்றப் பாதியை ஆர் களவெடுத்தது?" என்றார்.
பிரிட்ஜ் வந்த பெட்டியின் றெஜிபோமை
மைத்துனன் கையில் கொடுத்து
நடுச்சாமத்தின் பக்கம் பிடிக்கச் சொன்னேன்.
ஒரு முழம் கிட்ட வர, காது வந்தது.
இன்னும் ஒரு சாண்.
காதில் செருகியிருந்த பென்சிலும் வந்தது.
அதுவரை நான் அதைக் கண்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை.
மனைவியின் கேக் தாளை
நூறு வாற் குமிழுக்கு முன்னால் ஒட்டினேன்,
வெளிச்சம் பாலாய் இறங்கியது,
தாள் கருகி வீடெல்லாம் மணந்தது.
பால்மா ரின்னின் மூடியைச் சரித்துப் பிடித்தால்
கண்ணுக்குள் ஒரு சின்ன வட்டம் விழும்.
அது விழாத படம் எனக்கு இப்போது
திறப்பில்லாத பூட்டு.

பண்ணைப் பாலத்தில், பொழுது சாய,
எமில்டாவைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன்.
முடி தீப்பிடித்த நொடியில் காற்று வந்து
றெஜிபோமைக் கடலுக்குள் கொண்டுபோனது.
இடுப்பளவு தண்ணியில் வலை இழுத்தவர்
அதைப் பிடித்து உயர்த்தி
"ஐஸ் பெட்டி மூடியோ?" என்றார்.
பாதியை முறித்துத் தன் மீனுக்கு வைத்துக்கொண்டார்.
மிச்சப் பாதியோடுதான்
சுதாமதியை எடுத்தேன்.

குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள்.
தாயும் கூட வந்திருந்தார்.
"கொஞ்சம் வெளுப்பாய் எடுங்கோ தம்பி,
படம் சுவிசுக்குப் போகுது."

கமராவுக்குள்ளும் ஒரு மீற்றர் இருக்கிறது.
உலகம் முழுக்கச் சாம்பல் என்று அதற்கு நினைப்பு.
கறுப்பைக் கண்டால் ஏதோ குறையென்று பதறி
வெளிச்சத்தை அள்ளி ஊற்றும்.
முதல் படத்தில் அவள்
அரிசிமாவுக்குள் விழுந்து எழும்பினவள் போல் இருந்தாள்.

பொய் சொல்லும் மீற்றர்கள் எனக்குப் புதிதில்லை.
காந்தம் வைத்த வீடுகளைப்
படலையடியிலேயே பிடித்திருக்கிறேன்.
சில்லை ஒன்றேகால் கீழே திருகினேன்.
கதவை நாலு விரல் திறந்து
அந்தக் கீற்றுக்கு முகத்தைக் கொடுக்கச் சொன்னேன்.

நெற்றியில் ஒரு கோடு.
மூக்குத் தண்டில் ஒன்று.
கீழுதட்டில் ஈரப் பொட்டு.
மிச்சமெல்லாம் அவள்.
கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
அது வாங்கி வைத்திருந்து
தனக்குப் பிடித்த இடத்தில் மட்டும்
திருப்பிக் கொடுக்கிறது.

தாய் கனநேரம் பார்த்தார்.
"இருட்டாய்க் கிடக்கு" என்றார்.
சுவிசுக்குப் போனது
கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோப் படம்,
நீலத் திரை, ரோசாக் கன்னம்.
என் படம் மூன்று நாள்
அவளின் வாட்ஸப்பில் இருந்தது.
நாலாம் நாள் அங்கே ஒரு செவ்வரத்தம்பூ.

இந்த மாதம் கொட்டடிப் பக்கம் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல்,
அவர் வீடுகளும் என் பங்கு.
பதினேழாவது படலையில் அவள் நின்றாள்.
ஒழுங்கைச் சுவரில், ரோச் அடித்து,
நாற்பத்தொரு அலகு என்று எழுதினேன்.
தாய் உள்ளே ஏதோ பொரித்துக்கொண்டிருந்தார்.
சுவிஸ் என்ன சொன்னது என்று நான் கேட்கவில்லை.

பில்லை வாங்கி, வெயிலுக்குப் பிடித்து,
ஒரு பக்கம் சரித்து, மறுபக்கம் சரித்துப் பார்த்தாள்.
"வெளுப்பாய்க் கிடக்கு" என்றாள்
சிரிக்காமல்.